இராஜேந்திர சோழனும் கொழும்பின் டிமரேஜ் கணக்கும்

கொழும்பில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் செயற்பாட்டுப் பிரிவில் அண்மையில் உதவி முகாமையாளரான ஒருவர் கேட்டிருக்கிறார்: "தலைமைத்துவப் பயிற்சி ஒன்றில் இராஜேந்திர சோழனின் கடற்படை வியூகங்களைப் பற்றிச் சொன்னார்கள். அடுத்த மாதம் என் பிரிவினருக்கு நானே இதைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். கப்பல் வணிகத்தில் இந்தப் பாடங்களை எப்படிப் பயன்படுத்துவது?" கேள்வி வியூகத்தைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் அதற்குள் வேறொரு சந்தேகம் இருப்பதாக எனக்குப் படுகிறது. காலை முதல் மாலை வரை மணிஃபெஸ்ட், டெலிவரி ஓர்டர், கொள்கலன் என்று மல்லுக்கட்டுகிறவர்களுக்குப் போர் செய்த ஓர் அரசனிடமிருந்து எடுத்துக்கொள்ள உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை அது மேடைக்கு மட்டுமா? அதற்கே பதில் சொல்கிறேன்.

இருக்கிறது. ஆனால் பயிற்சியில் காட்டிய இடத்தில் இல்லை. நான் சில காலம் கப்பலில் அதிகாரியாக இருந்துவிட்டு, அதைவிட நீண்ட காலம் கொழும்பில் முகவர் தொழிலில் இருந்தவன். கல்வெட்டியல் முறையாகப் படித்தவன் அல்ல. அந்தப் பகுதியில் அறிஞர்கள் படித்து அச்சிட்ட வாசகங்களை நம்பியே பேசுகிறேன். கப்பல் வேலை பற்றிச் சொல்வதற்கு நானே பொறுப்பு.

முதலில் இராஜேந்திரனைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்று பார்ப்போம். 1014இல் தந்தைக்குப் பின் தனியாட்சி ஏற்றான். 1017ஐ ஒட்டி இலங்கைப் படையெடுப்பு. ஐந்தாம் மகிந்த மன்னன் சிறைப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டான். 1023ஐ ஒட்டிக் கங்கைப் படையெடுப்பு. 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மீது கடல் கடந்த தாக்குதல். "அலைகடல் நடுவுள் பலகலஞ் செலுத்தி" என்று அவனுடைய மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் புகழுரை, சொல்கிறது. கடாரத்து அரசன், அதாவது ஸ்ரீவிஜய மன்னன், சங்கிராம விசயோத்துங்கவர்மனின் பெயரையும், பண்ணை, மலையூர், இலாமுரி தேசம், நக்கவாரம் முதலிய இடங்களையும் அடுக்கிச் சொல்கிறது. எத்தனை கலம், எத்தனை வீரர், எந்த அணிவகுப்பு என்று அது சொல்லவில்லை. இடப்பெயர்கள் வரும் வரிசைதான் படை சென்ற வழி என்பதற்கும் உறுதி இல்லை. ஆகவே உங்கள் பயிற்சியில் காட்டிய ஸ்லைடில் ஆயிரம் கப்பல், அம்பு வடிவ வியூகம் என்றெல்லாம் இருந்தால் அவற்றை எடுத்துவிடுங்கள். மலாக்கா நீரிணை வழியான சீன வணிகத்தில் ஸ்ரீவிஜயம் போட்ட முட்டுக்கட்டையே போருக்குக் காரணம் என்பது வரலாற்றாளர் பலரின் அனுமானம். நியாயமான அனுமானம்தான், ஆனால் எந்தக் கல்வெட்டும் காரணம் இதுவென்று சொல்வதில்லை. அருகில் இருப்பதை முதலில் உறுதி செய்துவிட்டுத் தொலைவுக்குப் போனான் என்று ஆண்டு வரிசையைப் பார்த்துச் சொல்லலாம். அதுவும் நாம் பின்னாலிருந்து படிக்கும் படிப்பு. அவன் மனத்தில் அப்படி ஒரு திட்டம் இருந்ததா என்பது வேறு கதை.

போர்ப் பாடத்தை நம் தொழிலுக்குக் கொண்டுவருவதில் எனக்குள்ள தயக்கத்துக்கு ஆதாரக் குறைவு மட்டும் காரணம் அல்ல. போரில் எதிரி தோற்றால் கதை முடிந்தது. நம் தொழிலில் இன்றைய போட்டியாளரின் கப்பலில்தான் நாளை உங்கள் கொள்கலன் போகும். உலகின் மிகப் பெரிய இரண்டு கொள்கலன் கம்பனிகளான மேர்ஸ்க்கும் எம்எஸ்சியும் 2015 முதல் 2025 ஜனவரி வரை ஒன்றின் கப்பலில் மற்றொன்றின் சரக்கை ஏற்றிக்கொண்டே சந்தையில் போட்டியிட்டன. அடிமாட்டு விலைக்குக் கட்டணத்தை இறக்கிப் போட்டியாளரை ஒழிப்போம் என்ற மனநிலையில் தொழில் முழுவதும் பல ஆண்டுகள் ஓடியதன் விளைவுகளில் ஒன்று, 2016 ஆகஸ்ட் இறுதியில் தென்கொரியக் கொள்கலன் கம்பனியான ஹன்ஜின் கடனைக் கட்ட முடியாமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. கப்பல்களைத் துறைமுகத்துக்குள் விட்டால் கூலி யார் தருவது என்று தெரியாமல் உலகெங்கும் அவை வெளியே நின்றன. உள்ளே இருந்த சரக்கில் அதன் கூட்டணியில் இருந்த மற்றக் கம்பனிகளின் வாடிக்கையாளர்களுடையதும் இருந்தது. கொழும்பில் இது இன்னும் கூடுதல் உண்மை. இங்கே கையாளப்படும் கொள்கலன்களில் மிகப் பெரும்பகுதி ட்ரான்ஷிப்மென்ட்: பெரிய தாய்க்கப்பலிலிருந்து இறங்கி, ஃபீடர் எனப்படும் சிறிய கப்பலில் ஏறிச் சென்னைக்கோ பங்களாதேஷின் சட்டோகிராமுக்கோ போகிறவை. இந்த வாரம் நீங்கள் தொலைபேசியில் மிரட்டிய ஃபீடர் கம்பனியின் ஆள்தான் அடுத்த வாரம் இடம் குறையும்போது யாருடைய பெட்டிகளை விட்டுவிட்டுப் போவது என்று முடிவு செய்வார்.

இதைச் சோழர் ஆவணங்களே காட்டுகின்றன என்பதுதான் வேடிக்கை. ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான்; அதற்கு இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். இராஜராஜன் வாய்மொழியாக இட்ட ஆணையை அவனுக்குப் பின் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் இராஜேந்திரன். அதே இராஜேந்திரன்தான் 1025இல் கடாரத்தைத் தாக்கினான். பிறகு 1090இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து அதே விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்கு வேண்டுகிறார்கள், கிடைக்கிறது, அதுவும் செப்பேடாகிறது. இரண்டு செப்பேடுகளும் இன்று லெய்டன் செப்பேடுகள் என்ற பெயரில் அறியப்படுகின்றன. வென்ற தரப்பும் தோற்ற தரப்பும் அறுபத்தைந்து ஆண்டுக்குள் ஒரே மேசையில் உட்கார்ந்து வரிக்கணக்குப் பேசியிருக்கிறார்கள். இராஜேந்திரனிடம் ஒரு தலைமைத்துவப் பாடம் வேண்டுமென்றால் நான் எடுப்பது இதைத்தான்: தந்தை வாயால் சொன்னதை மகன் செப்பேடாக்கிக் கொடுத்தான்.

உங்கள் அலுவலகத்தில் இதற்கு நேரான காட்சியைத் தேடி அலைய வேண்டியதில்லை. "மூன்று நாள் டிடென்ஷனைத் தள்ளிவிடுகிறேன், கவலைப்படாதீர்கள்" என்று, வெற்றுக் கொள்கலனைத் திருப்பித் தரத் தாமதித்ததற்கான கட்டணத்தைப் பற்றி, ஒரு முகாமையாளர் தொலைபேசியில் சொல்வார். அடுத்த மாதம் அவர் துபாய்க்குப் போய்விடுவார். வாடிக்கையாளர் கவுண்டரில் வந்து நிற்பார். புதிதாக வந்தவர் "எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்பார். சொன்னவர் பொய்யர் அல்ல, கேட்பவரும் கெட்டவர் அல்ல; ஆனாலும் நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும். உங்கள் பிரிவில் யார் என்ன சலுகை கொடுத்தாலும் அன்று மாலைக்குள் இரண்டு வரி மின்னஞ்சல் போக வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். இதற்கு வியூகம் எதுவும் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசன் கட்டளையிட்டான், படை நகர்ந்தது என்ற மாதிரியைக் கரையிலிருந்து கப்பலை நோக்கிப் பயன்படுத்தவே கூடாது. கப்பலின் பாதுகாப்பு, சூழல் மாசு ஆகியவற்றில் இறுதி அதிகாரம் மாஸ்டருக்கே, அதாவது கப்டனுக்கே, உண்டு என்று சர்வதேசப் பாதுகாப்பு முகாமைத்துவக் கோவையே எழுதி வைத்திருக்கிறது. காற்று பலமாக இருக்கிறது, இப்போது பெர்த்துக்கு (கப்பலைக் கட்டும் மேடைக்கு) வரமாட்டேன் என்று கப்டன் சொன்னால், அட்டவணை கெடுகிறது என்று நீங்கள் விளக்கலாம். கட்டாயப்படுத்த முடியாது, முயலவும் கூடாது. தலைமைத்துவப் புத்தகங்களைப் படித்துவிட்டு வரும் இளம் அதிகாரிகள் முதலில் தடுமாறும் இடம் இது.

உங்கள் பேச்சுக்கு நான் பரிந்துரைக்கும் அரசன் இராஜேந்திரன் அல்ல, பொலன்னறுவையின் முதலாம் பராக்கிரமபாகு. 1153 முதல் 1186 வரை ஆண்டவன். நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவன் குளங்கள் கட்டியவன். ஆனால் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் வளாகத்தில் அவனுடைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கொழும்பில் கப்பல் தொழில் செய்கிறவர்கள் இதை அறியாமல் இருப்பது எனக்கு எப்போதும் வியப்புத்தான். ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறைப் பகுதியில், பரதேசிகளான, அதாவது வெளிநாட்டு, வணிகர் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், பல துறைகளிலிருந்தும் வணிகர் நம் துறையில் வந்து கூட வேண்டும் என்று அது தொடங்கி, கப்பல் உடைந்தால் என்ன ஆகும் என்பதை வரையறுக்கிறது. யானையும் குதிரையும் நமக்கு வேண்டியவை. ஆகவே அவற்றை ஏற்றிவரும் கப்பல் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, அதாவது கருவூலத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் கெட்டால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. சந்திரனும் சூரியனும் உள்ளவரை இந்த ஏற்பாடு நிற்க வேண்டும் என்று கல்லிலும் செம்பிலும் வெட்டச் சொல்கிறான்.

இதை நான் முதலில் வாசித்தபோது, சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பனி கொடுக்கும் பில் ஒஃப் லேடிங் என்ற ஆவணத்தின், நிபந்தனைகள் அச்சிட்ட பின்பக்கம்தான் நினைவுக்கு வந்தது. விபத்து நடப்பதற்கு முன்பே, இழப்பை யார் எவ்வளவு தாங்குவது என்று எழுதிவிடுகிறான். பொலன்னறுவையில் ஆண்ட மன்னன், அந்தத் துறைக்கு வருகிறவர்கள் படிக்கும் மொழியில் எழுதுகிறான். தலைநகரத்து ஏட்டில் வைத்துப் பூட்டாமல், கப்பல் வரும் பகுதியிலேயே நாட்டுகிறான். நம்முடைய கட்டண அட்டவணைகள் எங்கே இருக்கின்றன, எந்த மொழியில் இருக்கின்றன என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

அதற்காக இதைக் கருணைக் காவியமாக்கிவிடக் கூடாது. நடுக்கடலில் எல்லாம் இழந்து கரையேறியவனிடமிருந்து பாதியை எடுத்துக்கொள்வது இன்றைய கண்ணுக்குக் கொள்ளைதான். உடைந்த கப்பலின் சரக்கெல்லாம் அரசனுக்கே என்ற வழக்கம் இந்தக் கரைகளில் பரவலாக இருந்தது; அதோடு ஒப்பிடும்போது இது தளர்வு. ஒரு நூற்றாண்டுக்குள், 1244–45ஐ ஒட்டி, ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் இன்னும் ஒரு படி மேலே போனான். முன்னைய அரசர்கள் புயலில் ஒதுங்கிய கலங்களின் பொருளைப் பறித்தார்கள், நாம் சுங்கத்தைத் தவிர வேறெதையும் எடுக்கமாட்டோம் என்று அபய சாசனம் வெட்டினான். கல் சொல்வது விதியை, நடைமுறையை அல்ல. ஊராத்துறைப் பண்டார அதிகாரி உண்மையில் பாதியோடு நிறுத்தினாரா என்று அந்தக் கல்லைக் கேட்க முடியாது. விதிக்கும் நடைமுறைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை அறியத் துறைமுகத்தில் ஒரு மாதம் வேலை செய்தாலே போதும்.

இதன் இன்றைய உருவத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு டாலி என்ற கப்பல். 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் பாலத்தை இடித்து வீழ்த்திய அந்தக் கப்பல் வந்துகொண்டிருந்தது கொழும்புக்கு. அடுத்த மாதம் அதன் உரிமையாளர்கள் ஜெனரல் எவரேஜ் அறிவித்தார்கள். அதாவது கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து காப்பாற்ற ஆகும் செலவைக் கப்பல்காரரும் சரக்குக்காரர் எல்லாரும் அவரவர் பொருளின் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு கீறலும் படாத கொள்கலனின் சொந்தக்காரரும் பத்திரமும் உத்தரவாதமும் கொடுத்த பிறகுதான் சரக்கை எடுக்கலாம். காப்புறுதி செய்திருந்தால் காப்புறுதிக் கம்பனி பார்த்துக்கொள்ளும். செய்யாதவர் பணத்தைக் கட்டி வைக்க வேண்டும். இந்த விதி பில் ஒஃப் லேடிங்கில் யோர்க்–அன்ட்வேர்ப் விதிகள் என்ற பெயரில் எப்போதும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான இறக்குமதியாளர் அதை முதன்முதலில் கேள்விப்படுவது விபத்து நடந்த பிறகு, உங்கள் கவுண்டரில் நின்றுகொண்டு. அவர் கத்துவதில் நியாயம் இருக்கிறது.

அன்றாடத்தில் இதே கதை டிமரேஜ். புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் வெங்காயமும் பருப்பும் மொத்தமாக விற்கும் ஒருவருக்கு ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில், வருகை அறிவித்தல் அனுப்புகிறோம். துறைமுகத்தின் சேமிப்புக் கட்டணம் வேறு, சரக்குள்ள கொள்கலனைத் துறைமுகத்திலிருந்து எடுக்கத் தாமதித்தால் வரும் கப்பல் கம்பனியின் டிமரேஜ் வேறு, வெற்றுக் கொள்கலனைத் திருப்பித் தரத் தாமதித்தால் வரும் டிடென்ஷன் வேறு. மூன்றும் வெவ்வேறு நாளில் தொடங்குகின்றன, வெவ்வேறு இடத்துக்குப் போகின்றன. அவருக்காகத் துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் வார்ஃப் கிளார்க்குக்கு இது தெரியும். பணம் கட்டுகிறவருக்குத் தெரியாது. தெரியாதவர் எல்லாவற்றையும் உங்கள் கணக்கில்தான் எழுதுவார். நான் இருந்த இடமொன்றில் இதை அரைப் பக்கத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வருகை அறிவித்தலோடு இணைத்தோம்: இலவச நாட்கள் எந்த நாளிலிருந்து எண்ணப்படும், ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறையும்) அதில் சேருமா, அதன் பிறகு ஒரு நாளைக்கு எவ்வளவு, யாரிடம் கேட்பது. சச்சரவு ஒழிந்துவிடவில்லை. ஆனால் "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று தொடங்கும் சச்சரவு கண்கூடாகக் குறைந்தது. கட்டணம் அதிகம் என்ற சச்சரவு இருந்தது. அது நேர்மையான சச்சரவு, அதைப் பேசித் தீர்க்கலாம்.

யானை, குதிரைக்கு நாலில் ஒன்று, மற்றதற்குப் பாதி என்ற வேறுபாட்டையும் கவனியுங்கள். பராக்கிரமபாகு சலுகை கொடுக்கிறான். யாருக்கு, எதற்காக என்று வெளிப்படையாகச் சொல்லியும் விடுகிறான். பர்மிய மன்னன் யானை விற்பனையைத் தடுத்து விலையையும் ஏற்றினான் என்பதை இலங்கையின் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் பராக்கிரமபாகுவின் பர்மியப் படையெடுப்புக்குக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், யானை கொண்டுவருகிறவனுக்குக் கூடுதல் பங்கை விட்டுக்கொடுக்க அரசன் ஏன் முன்வந்தான் என்பது ஓரளவு விளங்குகிறது. கல்வெட்டும் போரும் ஒரே காலத்தவை என்று நான் சொல்லவரவில்லை. இந்த இணைப்பு என் ஊகம், மேடையில் சொன்னால் ஊகம் என்றே சொல்லுங்கள். ஆனால் தொழிலுக்கான பயன் ஊகம் அல்ல. ரீஃபர் (குளிரூட்டிய கொள்கலன்) சரக்குக்காரருக்கு இரண்டு நாள் கூடுதல் இலவசம் என்றால் அது அட்டவணையில் இருக்கட்டும், காரணத்தோடு. காதோடு காதாகக் கொடுக்கப்படும் சலுகை மெல்ல மெல்ல யாரோ ஒருவருடைய தனிப்பட்ட அதிகாரமாகிவிடும். அதற்குப் பிறகு அந்த மேசையில் என்னென்ன கைமாறும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

விபத்துக் கப்பலைப் பற்றி இன்னொன்று. 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே எக்ஸ்–பிரஸ் பேர்ல் என்ற கொள்கலன் கப்பல் தீப்பிடித்தது, ஜூனில் மூழ்கியது. அதற்கு முன்பே நைட்ரிக் அமிலக் கொள்கலன் ஒன்றில் கசிவு தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமத், இந்தியாவின் ஹசீரா ஆகிய இரண்டு துறைமுகங்களிலும் அதை இறக்க முயன்றும் நடக்கவில்லை. பொறுப்பு யாருடையது என்பதற்குள் நான் போகவில்லை. அது நீதிமன்றங்களின் விடயம். செயற்பாட்டுப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு அதில் உள்ள வேலை ஒன்றுதான்: கெட்ட செய்தி கொண்டுவருகிற கனிஷ்ட ஊழியரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்த்துத்தான் அடுத்தவர் உங்களிடம் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். அரச சபைகள் இந்த விடயத்தில் நமக்கு வழிகாட்ட மாட்டா.

இனி உங்கள் இருபது நிமிடத்துக்கு வருகிறேன். கொழும்பில் உங்கள் பிரிவில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் இருப்பார்கள். இராஜேந்திரனை வெற்றி வீரனாக நிறுத்திப் பேசினால், ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டதைப் பாடசாலையில் வேறு விதமாகப் படித்த ஒருவர் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார். அவன் பெயரை மறைக்க வேண்டியதில்லை. செப்பேட்டுக் கதையைச் சொல்லுங்கள், போதும். பராக்கிரமபாகுவையும் புனிதனாக்க வேண்டாம். அவன் பாண்டி நாட்டுக்கு அனுப்பிய படை தொடக்கத்தில் வென்றதைக் கடைசிவரை காக்க முடியவில்லை. பேச்சுக்கு முன் ஒரு மாலை நேரம் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குப் போய், காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனக் கடற்படைத் தளபதி ஷெங் ஹேயின் கப்பல்கள் கொண்டுவந்த கல் அது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும் (தென்கரையில் தெவுந்தரையில் வழிபட்ட இந்துக் கடவுள்), பாரசீகத்தில் இஸ்லாமிய இறைவனுக்கும் காணிக்கை சொல்கிறது. படம் எடுத்துத் திரையில் போட்டால் விளக்கம் அதிகம் தேவைப்படாது. இரண்டு ஆண்டு கழித்து அதே தளபதி இந்தத் தீவின் ஆட்சியாளரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்பதையும் கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள். பாதிக் கதை வேண்டாம்.

பேசி முடித்ததும் கைதட்டலோடு விட்டுவிடாதீர்கள். கடந்த மூன்று மாதத்தில் வந்த முறைப்பாடுகளை மேசையில் வைத்து, எவையெல்லாம் "யாரும் சொல்லவில்லை" என்று தொடங்குகின்றன என்று பிரிக்கச் சொல்லுங்கள். அவற்றுக்குரிய அரைப் பக்கத்தை அவர்களே மூன்று மொழியிலும் எழுதட்டும். அச்சிடுவதற்கு முன் பிரின்சிபலின், அதாவது நாம் முகவராக இருக்கும் கப்பல் கம்பனியின், ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டணம் அவர்களுடையது, நாம் முகவர்கள் மட்டும்தான்.